தொண்ணூற்று நாலு போதும்

ஜேம்ஸ் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் அவன் செய்யப்போகும் காரியத்தைப் படித்துவிட்டு நீங்கள் அவனைத் திட்டத்தான் போகிறீர்கள். திட்டுங்கள், ஆனால் கொஞ்சம் பொறுத்துத் திட்டுங்கள்.

போன வாரம் விட்ட இடத்திலேயேதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். ஓசூரில் பாகலூர் சாலைக்குப் பின்னால் உள்ள அந்தச் சின்ன மருத்துவமனை. முதல் மாடியில் ஜன்னலோரக் கட்டில். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கட்டிலில் அவன் மனைவி ஆரோக்கியசெல்வி கண்ணை மூடிக் கிடக்கிறாள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்.

எல்லாம் ஒரு ரோஜா முள் செய்த வேலை. செல்வி வேலை பார்ப்பது ரோஜாப் பண்ணையில். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் பூ என்றால் ஜனவரி கடைசியிலிருந்தே அங்கே நிற்க நேரம் இருக்காது. இடது மணிக்கட்டில் ஆழமாக முள் இறங்கியது. பழைய துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். கை வீங்கியது, குளிர் காய்ச்சல் வந்தது. "லோடு போவட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். லோடு போனது. மறுநாள் காலையில் கஞ்சி கொண்டுவந்த மகளைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்று கேட்டாள்.

செப்சிஸ் என்றார் டாக்டர் சௌமியா. கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது, அதை விரட்டுகிற வேகத்தில் உடம்பு தன்னையே அடித்துக்கொள்கிறது, நுரையீரலுக்கும் அடி பட்டிருக்கிறது என்று விளக்கினார். ஜேம்ஸுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் கட்டிலுக்கு மேலே இருந்த மானிட்டர் மட்டும் நன்றாகப் புரிந்தது. அதில் நீல நிறத்தில் ஒரு எண் இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் எண்.

அன்று காலை டாக்டர் சௌமியா வந்து பார்த்தபோது அது தொண்ணூற்று நாலு.

"நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "பிபி விழாம நிக்குது. யூரின் நல்லாப் போகுது. மருந்து கேக்க ஆரம்பிச்சிருக்கு. இப்படியே போகட்டும்."

கையில் சிவந்திருந்த இடத்தைச் சுற்றி அவர் நேற்று பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். குனிந்து அதையும் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நல்லா இருக்கா? தொண்ணூற்று நாலா?

ஜேம்ஸ் வேலை பார்க்கும் கம்பெனி பைக்குகளுக்கு பிரேக் சாமான் செய்கிறது. அங்கே அவன் லைன் லீடர். லைனுக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். டார்கெட் நூறு. நூறு வந்தால் பச்சை விளக்கு. கொஞ்சம் குறைந்தால் மஞ்சள். தொண்ணூற்று ஐந்துக்குக் கீழே போனால் சிவப்பு. அப்புறம் மறுநாள் காலை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டும். மேனேஜர் கத்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மிச்சம் ஆறு எங்க, ஜேம்ஸ்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஜேம்ஸ் சாப்பாட்டு நேரத்தில்கூட லைனை விட்டு நகர மாட்டான்.

அப்படிப்பட்டவன் தன் மனைவியின் தலைக்கு மேலே தொண்ணூற்று நாலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா?

"சிஸ்டர், கொஞ்சம் ஏத்தி வுடலாங்களா?" என்று கேட்டான்.

"வேணாங்க" என்றார் காவேரி சிஸ்டர். "தொண்ணூத்தி ரெண்டுக்கும் தொண்ணூத்தி ஆறுக்கும் நடுவுல இருந்தாப் போதும்னு டாக்டர் சொல்லிக்கீறாங்க. நிமிஷத்துக்கு நாலு லிட்டர்ல ஓடுது. அதே போதும்."

போதும் என்ற வார்த்தை ஜேம்ஸுக்குப் பிடிக்கவில்லை. ஆக்சிஜனில் மிச்சம் பிடிக்கிறார்களோ என்று தோன்றியது. கொரோனா சமயத்தில் அவனோடு லைனில் நின்ற திருமலை, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து போன் செய்து, "எண்ணு கீழ போவுது மச்சான், கீழ போவுது" என்று சொன்ன குரல் இன்னும் அவன் காதில் இருக்கிறது. அதுதான் திருமலை கடைசியாகப் பேசியது.

சுவரில் ஆக்சிஜன் குழாய். அதில் ஒரு கண்ணாடிக் குழலும், குமிழும், கீழே தண்ணீர் கொப்பளிக்கும் பாட்டிலும். கம்பெனியில் காற்றழுத்த மெஷின்களில் இதே மாதிரிக் குமிழ்களை ஜேம்ஸ் தினமும் திருப்புகிறவன். காவேரி சிஸ்டர் அந்தப் பக்கக் கட்டிலுக்கு ஊசி போடப் போனார்.

ஜேம்ஸ் எழுந்து போய்க் குமிழைக் கொஞ்சம் திருப்பினான்.

தண்ணீர் கொஞ்சம் வேகமாகக் கொப்பளித்தது. தொண்ணூற்று ஆறு. சிறிது நேரம் கழித்து இன்னும் கொஞ்சம். தொண்ணூற்று எட்டு. சிஸ்டர் மருந்து எடுக்க உள்ளே போனபோது இன்னும் ஒரு திருப்பு.

நூறு.

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெபமாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஜூஜுவாடியில் வீட்டில் இருந்த மகள் லிபியாவுக்குப் போன் போட்டான்.

"பாப்பா, நூறு வந்துடுச்சு!"

"நெஜமாவாப்பா?" லிபியா அடுப்பை அணைத்துவிட்டுக் கத்தினாள். கல்லூரிக்குப் போயே பல நாளாகிறது அந்தப் பெண்ணுக்கு. "அம்மா பேசினாங்களா?"

"பேசல. ஆனா நூறு."

"நான் மாதா கோயிலுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு, அப்பிடியே கஞ்சி எடுத்துக்கினு வரேன்பா."

பாவம், இரண்டு பேருக்கும் அன்று காலை எவ்வளவு சந்தோஷம்.

மதியம் ஷிஃப்ட் மாறியது. காவேரி சிஸ்டர் போய்ப் புது சிஸ்டர் வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்தார். பத்து லிட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. போனவர்தான் ஏற்றியிருப்பார், அவசரத்தில் சொல்ல மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். காலையில் நாலில் இருந்தவருக்கு இப்போது பத்து தேவைப்படுகிறதா என்று பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் சௌமியா வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெஞ்சு முழுக்கக் கேட்டார். செல்வியின் வலது மணிக்கட்டு நாடியில் ஊசி குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். பெரிய டாக்டரோடு போனில் பேசினார். பிறகு ஜேம்ஸை வெளியே அழைத்தார்.

"மறைக்காம சொல்றேன். நுரையீரல் தளர ஆரம்பிச்சிருக்கோன்னு பயமா இருக்கு. அரை நாள்ல ஆக்சிஜன் தேவை இவ்வளவு ஏறுச்சுன்னா, தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வெக்க வேண்டி வரும். இங்க இருக்கற மெஷின்ல வேற ஒருத்தர் இருக்காங்க. பெங்களூருக்கு அனுப்பறதுதான் நல்லது."

"குழாயா?"

"இல்லன்னா வழியில ஏதாவது ஆயிடும். போட்டுத்தான் அனுப்பணும். ரிஸ்க் இருக்கு. சொல்லித்தானே ஆகணும்?"

சரியாக அந்த நேரத்தில்தான் செல்வியின் தம்பி ஆஸ்டின் மாடிப்படி ஏறி வந்தான். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அத்திப்பள்ளியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வந்த எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது.

"நான் மொத நாளே சொன்னனா இல்லையா மாமா? பெங்களூரு கூட்டிக்கினு போயிடலாம்னு? ஓசூர்லயே பாத்துக்கலாம்னு நீங்கதான் நின்னீங்க!"

ஜேம்ஸ் ஜெபமாலையை விரல்களில் உருட்டினான்.

"சும்மா நிக்கிறீங்களே மாமா! எனக்கு இருக்கறது ஒரே அக்கா!" ஆஸ்டினின் குரல் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டு போனை எடுத்தான். ஆம்புலன்ஸ் சொன்னான். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கட்டில் சொன்னான். அவன் பேசப் பேச எல்லாம் மளமளவென்று நடந்தது.

ஜேம்ஸ் சுவரோரமாக நின்றான்.

சொல்லிவிடலாமா? 'மேடம், அவளுக்குப் பத்து தேவைப்படல, நான்தான் திருப்பினேன்' என்று சொன்னால் என்ன ஆகும்? குறைத்துவிடுவார்கள். குறைத்தால் எண் கீழே போகும். திருமலைக்குப் போன மாதிரி போய்க்கொண்டே இருந்தால்? அதற்கு அவனல்லவா பொறுப்பு? சொல்லாவிட்டால் தொண்டையில் குழாய், ஆம்புலன்ஸ், லாரி நெரிசல். எந்தப் பக்கம் போனாலும் செல்விதான் அடிபடுகிறாள். ஆஸ்டின் முகத்தில் வேறு விழிக்க வேண்டும்.

நல்ல மனிதனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கே அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

லிபியா கஞ்சி ஃபிளாஸ்கோடு வந்தாள். மாமன் முகத்தையும் அப்பா முகத்தையும் பார்த்ததுமே சிரிப்பு போய்விட்டது. விஷயத்தைக் கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அழவில்லை. நேராக உள்ளே போய், ஈரத்துணியை எடுத்து அம்மாவின் கையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் அம்மா சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

துடைத்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.

"அப்பா, இங்க வாங்க."

ஜேம்ஸ் போனான்.

"நேத்து டாக்டர் போட்ட கோடு இது. நேத்து செவப்பு இந்தக் கோடு வரைக்கும் இருந்துச்சு. இப்ப எங்க இருக்குது பாருங்க."

சிவப்பு இப்போது கோட்டுக்கு உள்ளே இருந்தது. ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே. முழங்கைப் பக்கம் தோல் தன் நிறத்துக்குத் திரும்பியிருந்தது.

"கை நல்லாவுது. காச்சலும் வுட்டுடுச்சு. மூச்சு பாருங்க, நேத்து மாதிரி எறைக்கல" என்றாள் லிபியா. "எல்லாம் நல்லாவும்போது நெஞ்சு மட்டும் எப்பிடிப்பா மோசமாவும்?"

ஜேம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். காலையிலிருந்து இப்போதுதான் அதைப் பார்த்தான். அதுவரைக்கும் எண்ணையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

டாக்டர் சௌமியா டெஸ்ட் முடிவோடு உள்ளே வந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, குழப்பம் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியல. நுரையீரல் தளர்ந்திருந்தா, எவ்வளவு குடுத்தாலும் ரத்தத்துல சேராது. இவங்களுக்குத் தேவைக்கு மேல, ரொம்ப மேல சேர்ந்திருக்கு." சிஸ்டரைப் பார்த்தார். "நாலுலருந்து பத்துக்கு யாரு ஏத்தினது?"

"காலை ஷிஃப்ட்ல ஏத்தியிருந்தாங்க மேடம்."

"இப்பதான் காவேரிக்குப் போன் பண்ணினேன். அவங்க தொடவே இல்லைங்கறாங்க."

பாட்டிலில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

ஜேம்ஸ் இன்னும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். இதற்கு மேல் பேசாமல் இருந்தால் தான் மனிதனே இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"நான்தாங்க."

"என்ன மாமா?" என்றான் ஆஸ்டின்.

"நான்தான் திருப்பினேன். மூணு வாட்டி." எழுந்து நின்றான், காலை மீட்டிங்கில் நிற்கிற மாதிரியே. "தொண்ணூத்தி நாலுதான் இருந்துச்சு மேடம். நூறு வரலியேன்னு… திருப்பிட்டேன்."

ஆஸ்டின் பாய்ந்து வந்தான். "உனக்கு அறிவிருக்காயா? என் அக்கா தொண்டையில குழாய் போடப் போனாங்களேயா! கீழ வண்டி வந்து நிக்குதேயா!" மாமா போய் 'யா' வந்துவிட்டது. லிபியா நடுவில் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க" என்றார் டாக்டர் சௌமியா. அவர் கத்தவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு ஆஸ்டின் நின்றுவிட்டான். "திட்டறதுக்கு எனக்கும் ஆசைதான். அப்பறம் வெச்சுக்கலாம். மொதல்ல குறைச்சுப் பாக்கலாம்."

"குறைக்காதீங்க மேடம்!" ஜேம்ஸ் கையெடுத்துக் கும்பிட்டான். "எண்ணு கீழ போவும். கீழ போனா நிக்காது. நான் பாத்திருக்கறேன்."

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். கொரோனா காலத்தை அவரும் கடந்து வந்தவர்தானே.

"ஜேம்ஸ், நான் சொல்றதைக் கேளுங்க. ஆக்சிஜன் குறைஞ்சா ஆபத்து, நிஜம். ஆனா அளவுக்கு மீறி, நிறைய நேரம் குடுத்தா அதுவும் நுரையீரலைப் புண்ணாக்கும். ஏற்கெனவே அடிபட்ட நுரையீரல் இது. இன்னொண்ணு, நூறுக்கு மேல மானிட்டர் காட்டாது. உள்ள எவ்வளவு வழியுதுன்னு எனக்குத் தெரியாது. நிஜமாவே அவங்க மோசமானாலும், அந்த நூறு ரொம்ப நேரம் நூறாவேதான் நிக்கும். நான் ஏமாந்து உக்காந்திருப்பேன். புரியுதா?"

"அப்போ அந்த மிச்சம் ஆறு?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது.

"அது அவங்களுக்கு வேணாம்" என்றார் டாக்டர். "இவங்களுக்குத் தொண்ணூத்தி நாலு போதும்."

அவரே போய்க் குமிழைப் பிடித்தார். பத்திலிருந்து எட்டு. எண் அசையவில்லை. ஆறு. எல்லாரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் அவசரப்படவில்லை. நாலுக்குக் கொண்டுவந்தார்.

தொண்ணூற்று ஒன்பது.

தொண்ணூற்று ஏழு.

ஜேம்ஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வாழ்க்கை முழுக்க எண் ஏற வேண்டும் என்று மட்டுமே வேண்டிக்கொண்டவன், முதல் தடவையாக ஒரு எண் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். எங்கேயாவது நின்றால் போதும் தாயே.

தொண்ணூற்று ஐந்து. தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று மூன்று.

"மேடம்…" என்றாள் லிபியா.

"பொறு."

தொண்ணூற்று நாலு.

அங்கேயே நின்றது. ஒரு தடவை மூன்றுக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி நாலுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. செல்வியின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். பாட்டில் மெதுவாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கடைசியில் எழுந்து, "பெங்களூரு வேணாம்" என்றார். "இன்னும் தாண்டிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா வழி தெரியுது."

ஜேம்ஸ் சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். வெட்கப்படாமல், சத்தமாகவே அழுதான்.

புது சிஸ்டர் ஒரு பிளாஸ்திரியை நீளமாகக் கிழித்துக் குமிழின் குறுக்கே ஒட்டினார். "இதப் பிரிச்சீங்கன்னா உங்க கையில ஊசி போட்டுடுவேன்" என்றார். லிபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆஸ்டின் கீழே போனான். ஆம்புலன்ஸ் டிரைவர் கன்னடத்தில் சலித்துக்கொண்டதும், இவன் அதே கன்னடத்தில் சமாதானம் சொன்னதும் ஜன்னல் வழியாகக் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கையில் இரண்டு டீ இருந்தது. ஒன்றை ஜேம்ஸிடம் நீட்டினான்.

"சக்கரை கம்மியா போடச் சொன்னேன் மாமா."

"ம்."

அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தில் மன்னிப்பெல்லாம் இப்படித்தான்.

சாயங்கால வெயில் ஜன்னலுக்குள் வந்தபோது செல்வி கண் திறந்தாள்.

முதலில் லிபியாதான் பார்த்தாள். அருகில் குனிந்தாள். "அம்மா, நான் யாரு சொல்லுங்க?"

செல்வி மகளைப் பார்த்தாள். மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. "ஏன்டி… தல வாரல?"

லிபியா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆஸ்டின் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான். ஜேம்ஸ், "செல்வி, செல்வி" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாமல் நின்றான்.

ஆனால் செல்வியின் முகத்தில் நிம்மதி இல்லை. எதையோ தேடுகிற மாதிரி கண் அலைந்தது. ஜேம்ஸின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க… மங்கம்மா?"

மங்கம்மா அவளோடு பண்ணையில் பூ வெட்டுகிறவள். வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரி. புருஷனோடு பண்ணைக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கிறாள்.

"அவளுக்கு என்னா?"

"அவளுக்கும் குத்துச்சு… முள்ளு. நான்தான் துணி சுத்தி வுட்டேன்." மூச்சு வாங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "லோடு போவட்டும்னு… நான்தான் சொன்னேன்."

லிபியா உடனே அம்மாவின் போனை எடுத்து எண்ணைத் தேடி அழைத்தாள். எடுத்தது மங்கம்மாவின் புருஷன். மூன்று மொழியும் புழங்கும் ஜூஜுவாடியில் வளர்ந்த பெண்ணுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. இரண்டு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"என்னா சொல்றாரு?"

"காச்சலாம்பா. மாத்திரை போட்டுக்கினு படுத்திருக்காங்களாம். தூங்கி எழுந்தா சரியாயிடும்னு இருக்காரு." போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "ஆனா, மதியத்துலருந்து அவரைப் பாத்தே, 'எவரு நுவ்வு'ன்னு கேக்கறாங்களாம்."

யார் நீ. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

செல்வியின் பிடி சட்டையிலிருந்து தளர்ந்தது. போங்க என்று கண்ணாலேயே சொன்னாள்.

"பாப்பா, அவரப் போன வெக்காத பேசிக்கினே இருக்கச் சொல்லு. மச்சான், அந்த ஆம்புலன்ஸ் தூரமாப் போயிருக்காது, திருப்பிக் கூப்புடு. பண்ணைக்கு வழி அவனுக்குத் தெரியாது, நான் முன்னால போறேன்."

பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஜேம்ஸ் கதவைத் தாண்டி ஓடினான். காலையிலிருந்து கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த அந்த நீல எண்ணை, போகும்போது அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.